எங்க வூட்ல லேனா

இங்கே குழந்தைகள் சேற்றில் விளையாடுவதற்கென்றே ஒரு கால்சட்டை வைத்திருக்கிறார்கள். ‘மாட்ச்ஹோஸ’ என்று பெயர். ரப்பர் துணி, தோளில் பட்டை, காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். ஜெர்மனியின் வடக்கே, ப்ரெமர்ஹாஃபன் என்கிற துறைமுக ஊரில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில், மழை பெய்கிற நாட்களில் எங்கள் முதல் வேலை ஒவ்வொரு குழந்தையையும் இந்தக் கால்சட்டைக்குள் இறக்குவதுதான். ஒரே குழாய்க்குள் இரண்டு கால்களையும் விடும் குழந்தை, எல்லாம் மாட்டி முடித்ததும் ஒன்றுக்கு வருகிறது என்னும் குழந்தை, இவர்களையெல்லாம் சமாளித்து வெளியே விட்டால் நேராகப் போய்ச் சேற்றுக் குட்டைக்குள் உட்காருவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சாயங்காலம் சுத்தமாக வீட்டுக்குப் போகும் குழந்தையைக் கண்டால் பெற்றவர்கள் முகம் சுருங்கும். இன்று வெளியிலேயே விடவில்லையா என்று கேட்பார்கள். திருவொற்றியூர்க் குப்பத்தில் பாவாடையில் சேறு பட்டதற்காக அம்மாவிடம் துடைப்பத்தால் வாங்கியவள் நான். முதல் நாள் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் முதுகு தானாகக் கூசியது.

நான் இங்கே வந்தது தன்னார்வலராக. ஒரு வருடம் குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் தருவார்கள். எங்கள் தெருவில் கல்ஃபுக்கு அல்லாமல் வேறு ஊருக்கு விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். தம்பி சதீஷுக்கு மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அம்மா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். வந்த புதிதில் அம்மாவுக்கு இந்த ஊரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்வேன். இங்கே காலை, மதியம், மாலை எதற்கும் ஒரே வணக்கம்தான், ‘மொய்ன்’ என்பார்கள் என்றேன். “இன்னாமே, பாக்குறவன்லாம் மொய் கேக்குறானா?” என்றாள் அம்மா. மோனிஷா என்கிற என் பெயரை வீட்டில் மோனி என்று சுருக்குவார்கள். இங்கே மோனி என்பது அறுபது தாண்டிய பெண்மணிகளின் பெயராம். புதிதாக ஒரு மோனி வேலைக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட பெற்றோர்கள் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

அந்த வருடம் அந்தப் பள்ளியில் நாங்கள் மூன்று பேர் தன்னார்வலர்கள். ஜார்ஜியாவிலிருந்து வந்த மரியம் என்னோடு ஒரே வீட்டில் தங்கினாள். நிறையப் பேசமாட்டாள், ஆனால் நான் அழுதால் தேநீர் போடுவாள். இன்றும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இன்னொருத்தி லேனெ. இதே ஊர்க்காரி, அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். செம்பட்டை முடி, நெடுநெடுவென்று உயரம், எதைக் கேட்டாலும் குனிந்து நம் முகத்துக்கு நேரே வந்து பதில் சொல்லும் பழக்கம். எங்கள் மூவருக்கும் ஒரே வேலை, ஒரே கைச்செலவு. ஆனால் குழந்தைகள் லேனெயிடம்தான் ஓடுவார்கள். மொழி அவளுடையது, பாட்டு அவளுடையது, அவர்கள் சொல்லும் நகைச்சுவைக்குச் சரியான இடத்தில் சிரிக்கத் தெரிந்தவள் அவள். எம்மி என்று நான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இன்னும் கொஞ்சம் ரொட்டி தருவாயா என்று ஒரு நாள் என்னைக் கேட்டாள். நான் நம் ஊர் வழக்கத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன், சரி என்று. இல்லை என்கிறேன் என நினைத்து அந்தக் குழந்தை உதட்டைப் பிதுக்கி அழுதுகொண்டே லேனெயின் மடிக்குப் போய்விட்டது. கையில் ரொட்டியோடு நான் நின்றேன். சிறிய விஷயம்தான். ஆனால் அன்றைக்கு வயிற்றில் ஏறிய சூட்டை இன்னும் மறக்கவில்லை. பொறாமை என்று நாகரிகமாகச் சொல்கிறோம். எங்கள் பக்கம் வயித்தெரிச்சல் என்பார்கள். அதுதான் சரியான சொல்.

எரிச்சலோடு எரிச்சலாக நட்பும் வளர்ந்தது. லேனெதான் எனக்கு மொழி சொல்லித் தந்தாள், புத்தகத்திலிருந்து அல்ல, குழந்தைகளின் ஷூக்களைத் தேடிக்கொண்டே. எந்தப் பாட்டுக்கு எந்தக் கையசைவு என்று வேலை முடிந்தபின் காலி வகுப்பறையில் எனக்கும் மரியத்துக்கும் ஆடிக்காட்டினாள். ஒரு முறை புதிதாக வந்த ஒரு தகப்பன், கொட்டியிருந்த தண்ணீரைக் காட்டி, துடைக்கிற பெண் நீதானே என்று என்னைக் கேட்டான். அவன் கேட்டது முழுதாகப் புரியாமல் நான் ஆமாம் என்றேன். லேனெ துணியை எடுத்துவந்து மண்டியிட்டு அவளே துடைத்தாள். அந்த ஆளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவளை விட்டுவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான். பதிலுக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் அவளுக்கு மீன் குழம்பு வைத்துக் கையால் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். வேர்த்து, மூக்கில் வழிய வழியச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு எங்கள் குப்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். நானும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அலை வீட்டுக்குள் வராமலிருக்கக் கொட்டிய கருங்கல் வரிசை, அதையொட்டி எண்ணூருக்குப் போகிற ரோட்டில் இடைவிடாமல் ஓடும் கன்டெய்னர் லாரிகள், காற்று திரும்பினால் மணலியிலிருந்து வரும் நெடி, மாசிமகத்துக்குச் சாமி கடலுக்கு வருவது, எல்லாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊர் ஒரு சொத்து. அதை நான் அவளிடம் அள்ளி அள்ளிக் காட்டினேன். பார்க்கத்தான் காட்டினேன், எடுத்துக்கொள்ள அல்ல.

வருடம் முடிந்ததும் நான் இங்கேயே குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். மரியம் முதியோர் இல்லத்துக்குப் போனாள். லேனெ, இந்தியாவுக்குத் தன்னார்வலராகப் போகிறேன் என்றாள். எங்கே என்று கேட்டேன். நீதான் சொல்ல வேண்டும் என்றாள். குப்பத்துப் பிள்ளைகளுக்காகத் தேவாலயத்துக் கூடத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஸ்டெல்லா மிஸ்ஸின் முகவரியைக் கொடுத்ததே நான்தான். எனக்கும் அங்கே பாடம் சொல்லித் தந்தவர் அவர். கடிதம் எழுதினேன், அம்மாவிடம் சொன்னேன், என் சினேகிதி வருகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லச் சொன்னேன். உள்ளூர ஒரு பெருமை இருந்தது. ஜெர்மன்காரி ஒருத்தி என்னைத் தெரியும் என்பதற்காக எங்கள் தெருவுக்கு வருகிறாள் என்றால் சும்மாவா?

அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல் வாரத்திலேயே அந்தப் படம் எனக்கு வந்தது. லேனெ பச்சைச் சுடிதாரில் கைகூப்பி நிற்கிறாள், வார்டு பிரமுகர் ஒருவர் சால்வை போடுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து சேவை செய்கிற மனசு யாருக்கு வரும் என்று யாரோ பேசினாராம். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இங்கே வந்து இறங்கிய வாரத்தில் என்னிடம் எல்லாரும் நயமாகக் கேட்ட ஒரே கேள்வி, வருடம் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவாய் அல்லவா என்பதுதான். அவளும் தன்னார்வலர், நானும் தன்னார்வலர். அவள் கடல் தாண்டினால் தியாகம், நான் தாண்டினால் விசா. இது லேனெயின் தவறு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா?

அதைவிடப் பெரிய அடி அவள் வாயிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் யாரும் லேனெ என்று சொல்லவில்லை, லேனா ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மாவோடு வாசலில் குந்தி நெத்திலி ஆய்வாள். மூன்றே மாதத்தில் அம்மாவின் பேச்சு அவள் வாயில் ஏறிவிட்டது. “இன்னா நைனா, துன்னியா?” என்று சதீஷைக் கேட்கிறாள். அவன் அதைப் படம்பிடித்துப் போட்டான். ஊரே பார்த்தது. வெள்ளைக்காரிக்கு நம் மெட்ராஸ் பாஷை எவ்வளவு அழகாக வருகிறது என்று கொண்டாடினார்கள். என் கல்லூரித் தோழிகளும் அதைப் பகிர்ந்திருந்தார்கள். நுங்கம்பாக்கத்தில் நான் படித்த கல்லூரி அது. முதல் வருடம், வகுப்பின் முன்னால் நின்று பேசும்போது ‘இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக என் வாயில் ஒரு ‘கீது’ வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அதன்பிறகு மூன்று வருடமும் என்னைக் கீது என்றே கூப்பிட்டார்கள். கீதா என்பதன் சுருக்கம் என்று ஆசிரியைகள் நினைத்தார்கள். அந்தச் சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் நாக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் களைந்தெறிந்தேன். இந்தக் கட்டுரையைக்கூட அப்படிக் களைந்த நாக்கால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் வெட்கப்பட்டு வெளியே போட்டதை அவள் எடுத்து நகையாகப் போட்டுக்கொண்டாள். சிரித்த அதே பெண்கள் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். நானும் ஒரு இதயம் போட்டேன். போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. லேனெ என் வீட்டில் சாப்பிட்ட அதே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அம்மா ஹைகே, மீன் துண்டுகளுக்கு மாவு பூசிப் பொட்டலம் கட்டும் ஒரு ஆலையில் வேலை பார்ப்பவர். கணவரைப் பிரிந்தவர். லேனெ புறப்பட்டுப் போன பிறகு, மகளின் சினேகிதி தனியாக இருக்கிறாளே என்று என்னைக் காப்பிக்கு அழைத்தார். ஒருமுறை போனது வழக்கமாகிவிட்டது. விசா நீட்டிப்புக்கான நேர்காணலுக்குத் தன் காரில் கூட்டிப்போனவர் அவர்தான். நான் சொன்னேன் என்பதற்காக மிளகாய்த்தூள் வாங்கி வைத்தார். அவருக்கும் என் அம்மாவுக்கும் கையில் ஒரே மீன் வாசனை. அதனால்தானோ என்னவோ, அந்த வீட்டில் மட்டும் எனக்கு மூச்சு இலகுவாக வந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. வெளியே பனியும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. ஹைகே எனக்கு ஆப்பிள் கேக் வெட்டி வைத்துவிட்டு, அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ‘பைன்’ என்றால் கால். குழந்தைகளுக்குக் கால்சட்டை மாட்டும்போது நாளெல்லாம் நான் சொல்லும் சொல். ஆனாலும் என் ஜெர்மன் மேல்தான் சந்தேகம் வந்தது. மேஜையின் காலைச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். யாருடைய அம்மா என்று கேட்டேன். உன் அம்மா, மோனி, கம்பி வைத்திருக்கிறார்களே என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். நான் பிழையாகப் புரிந்துகொண்ட வாக்கியங்கள் இந்த நாட்டில் எத்தனையோ உண்டு. சரியாகப் புரிந்துகொண்டதற்காக வருந்தியது அந்த ஒன்றுக்குத்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஏலக் கூடத்தில் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்திருக்கிறாள் அம்மா. வலது கால் எலும்பு முறிந்து, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அறுவை செய்து வீட்டுக்கும் வந்தாயிற்று. இதற்கிடையில் என்னோடு எத்தனையோ முறை பேசியிருக்கிறாள். முகத்தை மட்டும் காட்டிப் பேசியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. எனக்கு அப்போது தேர்வு நடந்துகொண்டிருந்தது, அதனால் சொல்ல வேண்டாம் என்று எல்லாருக்கும் வாய்ப்பூட்டு. நான் அழுதுகொண்டே கூப்பிட்டபோது அம்மா சாதாரணமாகத்தான் பேசினாள். “அத்த சொல்லி இன்னா ஆவப்போவுது? பறந்து வந்து தூக்கப்போறியா? லேனா கீறா, தம்பி கீறான். நீ பரிச்சைய பாரு.” லேனா கீறா. அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் புரண்டது.

அன்றே லேனெயைக் கூப்பிட்டேன். ஜெர்மனில்தான் பேசினேன், கோபத்தில் அந்த மொழி எனக்குத் தடையில்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. அது என் அம்மா, ஆஸ்பத்திரியில் இருந்ததை எனக்கு முன்னால் நீ எப்படித் தெரிந்துகொள்ளலாம், உன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாய், எனக்குச் சொல்லவில்லை என்றேன். உன் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார், ஆனால் யாரிடமாவது சொல்லாமல் என்னால் தாங்க முடியவில்லை, அதனால் என் அம்மாவிடம் சொன்னேன் என்றாள் அவள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“சொந்த அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு இன்னொருத்தி அம்மாவுக்குச் சேவை செய்கிறாயே, கைதட்ட ஆள் இருக்கிற இடத்தில்தான் உனக்குப் பாசம் வருமா?”

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. எங்கள் ரோட்டு லாரி. அவள் பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“என் அம்மா தனியாக இல்லை, மோனி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் வீட்டில் இருந்த வரைக்கும் அவர் எனக்குக் கேக் செய்ததே இல்லை.”

தொடர்பை அவள்தான் துண்டித்தாள். நான் மறுபடி அடிக்கப் போனபோது மரியம் வந்து கைபேசியை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். எனக்குத் தலைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்து எரிந்த அத்தனை ஞாயிறும் அவளும் அங்கிருந்து என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் எரிச்சல் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன், அதுவும் போயிற்று.

அதன்பிறகு லேனெ எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மாலை வகுப்புக்கு மட்டும் போனாள். நானும் ஹைகே வீட்டுக்குப் போகவில்லை. வேலை என்று ஏதோ சொன்னேன். சில வாரங்கள் இப்படி ஓடியபிறகு அம்மா கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், “அந்தப் பொண்ணாண்ட இன்னா சொன்ன நீ?” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அம்மா மீன் விற்கிறவள். எதிராளி பொய் சொன்னால் விலை கேட்கும் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

“இத பாருமே. கால் கட்டுல கெடக்கும்போது என்னிய பாத்ரூமுக்கு யாரு தூக்கிகினு போனா? ஒன் தம்பிய கூப்புட முடியுமா அதுக்கு? ஒங்கப்பன் கடல்ல. பக்கத்து வூட்டுக்காரிங்க ரெண்டு நாளிக்கி வந்தாளுங்க, அப்பால அவங்க பொயப்ப பாக்க வேணாமா? மூஞ்சி சுளிக்காம செஞ்சா அந்தப் பொண்ணு. நீ செய்யவேண்டியத அவ செஞ்சா. அதுக்கு அவமேல இன்னாத்துக்கு காண்டு?”

நீ செய்ய வேண்டியதை. அதுதானே என் நெஞ்சில் குத்திய முள். நான் செய்ய வேண்டியதை அவள் செய்தாள் என்பதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். சொன்னேன். அன்று சாயங்காலம் லேனெக்கு ஒரே வரி எழுதினேன், அம்மா உன்னைத் தேடுகிறாள், போ என்று. அதை எழுத எனக்கு நெடுநேரம் ஆயிற்று. பதில் எதுவும் வரவில்லை. ஆனால் அவள் போனாள் என்று சதீஷ் சொன்னான்.

ஈஸ்டர் விடுமுறையில் நான் ஊருக்குப் போனேன். ஜெர்மனிக்கு வந்தபிறகு முதல்முறை. ஏப்ரல் வெயில். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவந்து பெட்டியைப் பிடித்தார்கள். “ஜெர்மனி அக்கா வந்துட்டாங்க” என்று ஒருத்தி கத்தினாள். நான்தான் ஜெர்மனி அக்கா. லேனெயை அவர்கள் “நம்ப லேனாக்கா” என்றார்கள். நான் அவர்களிடம் பெயர், வகுப்பு என்று விசாரித்தபோது ஒரு சின்னப்பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீ இன்னாக்கா நூஸ் வாசிக்கிறமாரி பேசுற?” என்றாள். வீட்டுக்குள் போனால் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், இளைத்து, காலை நீட்டி. கட்டிக்கொண்டு அழுதோம். லேனெ சுவரோரம் நின்றாள். மொய்ன் என்றாள். நானும் மொய்ன் என்றேன். குழம்பு வைக்கிறேன் என்று நான் சமையலறைக்குப் போனேன். அம்மா எழுந்து நடமாட முடியாததால் எல்லாம் இடம் மாறியிருந்தது. கடுகு எங்கே என்று நான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்துகொண்டிருந்தேன். லேனெ உள்ளே வந்தாள், பார்க்காமலே கையை நீட்டி மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் பிறந்து வளர்ந்த வீடு.

மறுநாள் அம்மாவை நான்தான் குளிப்பாட்டுவேன் என்றேன். லேனெ சரி என்று தலையாட்டினாள். நம் ஊர் ஆட்டல், இப்படியும் அப்படியும். கதவருகே நின்று, முதலில் இடது பக்கம் சாய்க்க வேண்டும், வலது காலுக்கு அடியில் ஸ்டூல் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். இங்கே குழந்தைகளைத் தூக்கவும் மாற்றவும் எனக்கு முறையாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவைத் தூக்க அதெல்லாம் உதவவில்லை. தடுமாறினேன், ஸ்டூலை மறந்தேன், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தழும்பு நீளமாக, இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்தத் தழும்போடு பிறந்தவள் போல அம்மா அதற்குச் சோப்புப் போட்டாள். தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.

“ஒன் கை ஜில்லுனு கீதுமே” என்றாள் அம்மா.

முதுகைத் திருப்பிக் காட்டினாள், தேய் என்று.

வெயில் தாழ்ந்த பிறகு நானும் லேனெயும் போய்க் கருங்கல் வரிசையில் உட்கார்ந்தோம். துறைமுகத்துக்குள் போக முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நின்றன. பின்னால் லாரிகள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நான் நினைத்திருந்தேன், நான் கேட்பேன் என்று அவளும் நினைத்திருப்பாள். இருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் அம்மா கேக்கின் மேல் க்ரீம் நிறையப் போடுகிறாரா என்றாள். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைகேக்கு ஷிஃப்ட் இருந்ததாம், அவள் சிறுமியாக இருந்த காலம் முழுக்க. ஞாயிறு வேலைக்குக் கூலி அதிகம். அதனால் அவள் ஞாயிறுகளைத் தொலைக்காட்சியோடு கழித்தாளாம். இப்போது அவருக்கு ஷிஃப்ட் இல்லை, வீட்டில் மகளும் இல்லை. கேக் யாருக்குக் கிடைத்தது பார் என்றாள். நான் என் பங்குக்கு, எங்கள் அம்மா எனக்கு நெத்திலி ஆயக் கற்றுக்கொடுக்கவே இல்லை என்றேன். புத்தகத்தை எடு, மீன் கை உனக்கு வேண்டாம் என்று விரட்டிவிடுவாள். லேனெ தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள், பிறகு என் மூக்கருகே நீட்டினாள். அம்மாவின் கை வாசனை. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மேல் இருந்த எரிச்சல் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். தீரவில்லை. அதோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து நான் கிளம்பிய காலையில் அம்மா வாசல் வரை வந்தாள், ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை லேனெயின் தோளில். லேனெக்கு இன்னும் சில மாதங்கள் அங்கே பாக்கி இருந்தது. பத்திரமாகப் போய்வா என்று அவள் எங்கள் வீட்டு வாசற்படியில் நின்று எனக்குச் சொன்னாள், தமிழில், எங்கள் தெருத் தமிழில். அம்மா கட்டிக்கொடுத்த வஞ்சிரக் கருவாட்டை எத்தனை பிளாஸ்டிக் பைகளில் சுற்றியும் வாசனை அடங்கவில்லை. அதில் பாதி ஹைகேக்கு என்று அம்மா சொல்லியிருந்தாள். பெத்தவளுக்குப் புள்ள இருக்கிற ஊர் மீன் ருசி தெரிய வேண்டாமா என்றாள்.

ப்ரெமர்ஹாஃபனில் ரயில் நின்றபோது தூறிக்கொண்டிருந்தது. ஹைகே நடைமேடையில் காத்திருந்தார், வேலை உடுப்பின் மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு. நான் வரச் சொல்லவில்லை, லேனெதான் சொல்லியிருக்க வேண்டும். என்னை இறுக அணைத்தார், பெட்டியை வாங்கிக்கொண்டார், இளைத்துவிட்டாயே என்றார். பிறகு அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் கண் என் மேல் இல்லை. என் தோளைத் தாண்டி, நான் இறங்கிவந்த ரயில் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஒரு ஆள் இறங்க வேண்டும் என்பதுபோல. வெறும் கதவு, அதற்குள் வெறும் படி. நானும் திரும்பி நின்றேன். கதவு மூடி, ரயில் நகர்ந்து, தண்டவாளம் தெரிகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.